வேலையை விட்டால்தான் ஊழிய அழைப்பா?

சகோதரரே, தேவனுடைய ஊழியத்தைப் பற்றி, "மெய்யான அழைப்பைப் பெற்றவன் உலக வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க மாட்டான், பவுலும் வில்லியம் கேரியும் அதற்குச் சாட்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். சாட்சிக்கு நீங்கள் கூப்பிட்ட இருவருமே உங்களுக்கு எதிராகப் பேசுகிறார்கள்.

கொரிந்து பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார் (அப்போஸ்தலர் 18:3). பிற்பாடு எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, தம்முடைய தேவைகளுக்கும் உடனிருந்தவர்களின் தேவைகளுக்கும் இந்தக் கைகளே உழைத்தன என்று சொல்கிறார் (20:34). சுவிசேஷம் அறிவிக்கிறவர்களுக்கு அதனாலேயே பிழைக்கும் உரிமை உண்டென்று 1 கொரிந்தியர் 9-இல் வாதாடிவிட்டு, அதை நான் பயன்படுத்தவில்லை என்றும் அவரே எழுதுகிறார். பிலிப்பியர் அனுப்பிய உதவியை ஏற்றுக்கொண்டதும் உண்மைதான். ஆக, முழுநேர ஊழியம் தவறென்று நான் சொல்ல வரவில்லை.

கேரியின் கதை இன்னும் தெளிவு. இங்கிலாந்தில் செருப்புத் தொழிலாளியாக இருந்த அவர் 1793-இல் மிஷனரியாக வங்காளம் வந்தார். அடுத்த ஆண்டே முத்னாபதியில் அவுரிச் சாயத் தொழிற்சாலையின் மேலாளரானார். அந்தச் சம்பளம் போதும், தமக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று தம்மை அனுப்பிய மிஷனரி சங்கத்துக்கே எழுதினார். அவருக்கு வியாபாரத்தில் மனம் போய்விடுமோ என்று அந்தச் சங்கத்தில் சிலர் கவலைப்பட்டார்கள், இன்று நீங்கள் கவலைப்படுவதைப் போலவே! 1801 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழிகளைக் கற்பித்தார். அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதி செராம்பூரில் அவரும் உடன் மிஷனரிகளும் செய்த ஊழியத்துக்கே போனது.

ஊழியத்துக்காக ராஜினாமாக் கடிதம் எழுதலாமா என்று கேட்டிருக்கும் தம்பி, இதையும் படித்துவிட்டு உங்கள் சபை மூப்பரிடம் பேசுங்கள்.