கம்பி நீட்டி நிற்கும் வீடுகள்: எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்?

மொரீஷியஸில் எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் ஒரு முறை தலையை நிமிர்த்திப் பாருங்கள். ரோஸ் ஹில், கத்ர் போர்ன், திரியோலே, ரோஸ் பெல், எங்கேயும் அதே காட்சிதான். கீழ்வீடு கட்டி, பெயின்ட் அடித்து, திரைச்சீலை தொங்குகிறது. மேலே டால் என்கிற தட்டையான கான்கிரீட் கூரைத்தளம். அதன் மூலைகளில் கொத்துக் கொத்தாகக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பெரியவனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு எத்தாஜ், அதாவது ஒரு மாடி, சின்னவனுக்கு அதற்கும் மேலே ஒன்று. அப்பா அம்மா போட்டு வைத்த கணக்கு அது.

பாசத்தில் போட்ட கணக்கு, குறை சொல்ல மனம் வராது. ஆனால் இப்போது நிலம் வாங்கி பிளான் போட உட்காரும் இளம் தம்பதிகளும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். முதல் நாளே ஐந்து படுக்கையறை, இரண்டு ஹால், இரண்டு மாடி. வங்கிக் கடன் இருபது, இருபத்தைந்து வருஷம். இதற்கு நடுவில் ஒரு பெண்ணுக்கு ஒன்றரைப் பிள்ளை கூட இல்லை என்ற நிலைக்கு நாடு வந்துவிட்டது. பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று போய்த் திரும்பாமல் இருக்கிறார்கள் என்பது உங்கள் சொந்தத்திலேயே தெரியும். பூட்டிக் கிடக்கும் மேல்மாடிக்குத் தவணை கட்டுவது எனக்கு வருத்தமான விஷயம்.

என் கருத்து இதுதான்: இன்றைக்கு யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் சுவர் எழுப்புங்கள். நாளைக்கு வரப்போகிற மாடியை அஸ்திவாரத்தில் வையுங்கள்.

முதலில் அளவு. நிறையப் பேர் "எத்தனை சதுர அடி?" என்று ஆரம்பிக்கிறார்கள். கட்டிலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரட்டைக் கட்டில் 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் நடக்க 60 செ.மீ., ஒரு பக்கச் சுவரில் அலமாரி 60 செ.மீ. ஆழம். கூட்டினால் 3.3 மீட்டர். கால்மாட்டில் ஒரு மீட்டர் விட்டால் மற்றப் பக்கம் 3 மீட்டர். ஆக உள்ளளவு 3 × 3.3, ஏறத்தாழ 10 சதுர மீட்டர், ஒரு நல்ல படுக்கையறை. இதையே 4 × 4.5 ஆக்கினால் 18 சதுர மீட்டர் ஆகும். கூடிய எட்டு சதுர மீட்டரில் என்ன நடக்கிறது? துணி காயப்போடும் ஸ்டாண்டும் ஒரு பழைய சைக்கிளும் வந்து நிற்கும்.

நாலு பேர் குடும்பத்துக்கு நான் போடும் கணக்கு இது. ஒன்று சற்றே பெரிதாக மூன்று படுக்கையறைக்கு 32 சதுர மீட்டர். சமையலறை 10. ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்த்து 28. இரண்டு குளியலறை, தனிக் கழிவறை ஒன்று, மொத்தம் 9. பூஜை இடம் 2.5. துணி துவைக்க, சாமான் வைக்க 4. நடைக்கு 7. கூட்டினால் 92, 93 வரும். இதோடு சுவர்களின் கனம் 13, 14 சதுர மீட்டரைச் சாப்பிடும். பிளான் பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வராங் என்கிற முன்தாழ்வாரத்துக்கு 14 வையுங்கள். எல்லாம் சேர்ந்து 120 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,300 சதுர அடி. பெரியவர்கள் பேசும் பழைய பிரெஞ்சு அளவில் 31, 32 துவாஸ். இதற்குள் நாலு பேர் தாராளமாக வாழலாம்.

"கல்யாணம், சாவு, காவடி என்றால் நூறு பேர் வருவார்களே, ஹால் பெரிதாக வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊரில் நூறு பேர் வந்தால் எங்கே உட்காருகிறார்கள்? முற்றத்தில் சால்வேர்த் என்கிற தற்காலிகப் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, அதில்தான். இலை போட்டு ஏழு கறி பரிமாறுவதும் அங்கேதான். துக்க வீட்டில் இரவு முழுக்கக் கண் விழித்திருக்கிறவர்கள் வராங்கிலும் காராஜிலும்தான் இருப்பார்கள். ஹால் 40 சதுர மீட்டர் இருந்தாலும் அங்கே டீவி பார்க்கப்போவது நாலு பேர்தான். அந்த இடத்தை முற்றமாக விட்டுவிடுங்கள். வராங்கை 2.5 மீட்டருக்குக் குறையாத அகலத்தில் கான்கிரீட் கூரையோடு போடுங்கள். தகரத்தில் போட்டால் புயல் எச்சரிக்கை கிளாஸ் 3 வரும்போதெல்லாம் அது பறக்குமா என்ற கவலைதான் மிஞ்சும்.

கான்கிரீட் மேல் நமக்குள்ள பிடிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயல், அடுத்த மாதமே கரோல் புயல். கரோல் அடித்த காற்று மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டியது. மர வீடுகளும் தகர வீடுகளும் ஆயிரக்கணக்கில் போயின. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க கல்லும் டாலுமாக மாறியது. அந்தப் பயத்தில் பிறந்த டாலைக் குறைக்கச் சொல்லவில்லை. அதைத் தேவைக்கு மேல் விரிக்காதீர்கள் என்கிறேன்.

விரித்தால் என்ன ஆகும்? 60 சதுர மீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 15 செ.மீ. கனத்தில் 9 கனமீட்டர் கான்கிரீட், அதன் எடை மட்டும் 21 டன்னுக்கு மேல். கனமீட்டருக்கு 80 முதல் 100 கிலோ கம்பி என்றால் முக்கால் டன்னைத் தொடும். பிறகு டைல்ஸ், பூச்சு, பெயின்ட். இதெல்லாம் ஒரு தடவைச் செலவு. டாலின் மேல் ஒட்டும் நீர்த்தடுப்பு விரிப்பை 10, 15 வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து மாற்ற வேண்டும். அந்தச் செலவு பரப்பளவுக்கு ஏற்பக் கூடும். அப்போது உங்களுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருப்பார்கள்.

வீட்டின் வடிவமும் காசுதான். 10 × 12 வீடும் 120 சதுர மீட்டர், 6 × 20 வீடும் 120 சதுர மீட்டர். முதலாவதன் சுற்றளவு 44 மீட்டர், இரண்டாவதன் சுற்றளவு 52. மூன்று மீட்டர் உயரத்துக்கு 24 சதுர மீட்டர் வெளிச்சுவர் கூடுதல், உள்ளே ஒரு சாண் இடம்கூடக் கூடாமல். மூலைக்கு மூலை மடித்து மடித்து அழகு பார்க்கும் பிளான்களில் இது இன்னும் ஏறும். ஒவ்வொரு உள்மூலையும் மழை ஒழுகத் தேடும் இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் 17 படி வேண்டும், ஒவ்வொன்றும் சுமார் 17.6 செ.மீ. ஏற்றம். நடுவில் திரும்பும் படி என்றால் 2.1 × 3.2, கிட்டத்தட்ட 7 சதுர மீட்டர். கீழும் மேலும் சேர்த்து 13, 14. ஒரு படுக்கையறையை விடப் பெரிய இடம். மாடி பின்னால்தான் வரும் என்றால் படியை வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் வைக்க இடம் ஒதுக்குங்கள். நாளைக்கு மகனோ வாடகைக்காரரோ உங்கள் ஹால் வழியாக நடக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கம்பிகள். கடலோர ஊர் எதிலாவது பத்து வருஷமான ஒரு டாலின் மேல் ஏறிப் பாருங்கள். கம்பியின் நுனியில் யாரோ கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் பாட்டில், வெயிலில் வெளுத்து நொறுங்கியிருக்கும். அடியில் செம்பழுப்புச் செதில்கள் விரலால் தொட்டாலே உதிரும். கம்பி கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை விரிசல், அதைச் சுற்றிச் சாயம் போட்ட மாதிரி ஒரு வட்டக் கறை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. மழைத் தண்ணீர் அந்த வழியாகவே கீழே இறங்கி, ஹால் கூரையில் பொட்டு வைக்கிறது. 12 மி.மீ. கம்பி துருப்பிடித்து 10 மி.மீ. ஆகிவிட்டால் பலத்தில் முப்பது சதவீதம் போய்விட்டது. இருபது வருஷம் கழித்து மகன் வந்து அதோடு புதுக் கம்பியைக் கட்டினால் அது வெறும் நம்பிக்கைதான்.

கம்பி விட வேண்டாம் என்று சொல்லவில்லை. விட்டால் பாதுகாத்து விடுங்கள். கம்பி கனத்தின் 50 மடங்கு, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு 60 செ.மீ. வெளியே நீட்டினால் போதும். அதைச் சுற்றிப் பெட்டி அடித்து, சிமெண்ட் குறைந்த கலவையை ஊற்றிச் சின்னத் தூண்போல மூடிவிடுங்கள். அதன் தலையைச் சரிவாகப் பூசி, நீர்த்தடுப்பு விரிப்பைச் சுற்றிலும் மேலே ஏற்றி ஒட்டுங்கள். தேவைப்படும் நாளில் உடைத்தால் உள்ளே புதுக் கம்பி மாதிரி இருக்கும்.

கம்பி விட்டிருக்கிறார்கள் என்பதால் வீடு மாடியைத் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. கல்லுச் சுவர், டால், டைல்ஸ், மனிதர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு டன் என்று வைத்தால், 10 × 10 மாடி ஒன்றின் எடை 100 டன். ஒன்பது தூண் இருந்தால் மூலைத் தூணுக்கு 6 டன்தான், நடுத்தூணுக்கோ 25 டன். சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் மண்ணில், அந்த நடுத்தூணின் அடிப்பாதம் ஒரு தளத்துக்கு 1.3 மீட்டர் சதுரம், இரண்டு தளத்துக்கு 1.85 மீட்டர் சதுரம். 40 செ.மீ. கனத்தில் பார்த்தால் வித்தியாசம் முக்கால் கனமீட்டருக்கும் கீழே! இன்றைக்கு இந்த முக்கால் கனமீட்டரை ஊற்றுவது சில மணிநேர வேலை. பின்னால் அதைச் செய்ய ஹாலைத் தோண்ட வேண்டும். இதற்குத்தான் சொல்கிறேன், சுவரில் மிச்சம் பிடித்து மண்ணுக்குள் போடுங்கள். மண்ணின் தாங்குதிறனை இன்ஜினியர் குழி தோண்டிப் பார்த்துச் சொல்லட்டும். நம் தீவில் ஒரு பக்கம் பாறை, பத்தடி தள்ளிக் களிமண் என்பது சாதாரணம்.

நிலத்தையும் அளந்து பாருங்கள். ஏழு பெர்ஷ் என்றால் 295 சதுர மீட்டர்தான். வீடு 120, கார் நிற்க 15, சாலையிலிருந்தும் பக்கத்து எல்லையிலிருந்தும் விட வேண்டிய இடைவெளி. பொதுக் கழிவுநீர்க் குழாய் வராத தெருவானால் செப்டிக் டாங்கும் உறிஞ்சு குழியும். மிச்சமிருக்கும் மண்ணை மண்ணாகவே விடுங்கள். 2013 மார்ச்சில் போர்ட் லூயியில் வந்த வெள்ளத்தையும் 2024 ஜனவரியில் பெலால் புயல் கொண்டுவந்த தண்ணீரையும் பார்த்தோம். முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டால் அந்த மழை தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் போகும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பிளானை அப்படியே இறக்காதீர்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். வருஷத்தில் பெரும்பகுதி சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. காற்றும் மழையும் தென்கிழக்கிலிருந்து. அக்னி மூலை என்று தென்கிழக்கில் சமையலறை வைத்தால் தாளிக்கிற வாசனை முழுவதும் காற்றோடு படுக்கையறைக்குள் வரும். கூர்ப்பிப், வாக்வா பக்கம் ஈரம் அதிகம். புழங்காத அறையின் சுவரில் பூஞ்சை கறுத்துக்கொண்டே போகும். அங்கே பெரிய வீடு கட்டிப் பாதியை மூடி வைப்பது வீட்டுக்கே கேடு.

மகன் தன் பணத்தில் அப்பா நிலத்தின் மேல் மாடி கட்டுவதானால், முதல் மூட்டை சிமெண்ட் வாங்குமுன், சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போங்கள். பிரெஞ்சுக் காலத்துச் சிவில் சட்டம்தான் இன்றும் நம் சொத்துக்கு அடிப்படை. நிலம் யாருடையதோ அதன் மேலுள்ள கட்டடமும் அவருடையது என்பதே அதன் தொடக்கப் புள்ளி. அப்பாவுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பத்திரம் இல்லாமல் கட்டிய மாடிகளால் அண்ணன் தங்கை பேசாமல் போன குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

பிளானைக் கையெழுத்துக்குக் கொடுக்குமுன் ஒரு சாயங்காலம் நிலத்துக்குப் போய், நாலு குச்சியும் கயிறும் எடுத்து ஒவ்வொரு அறையையும் தரையில் கட்டிப் பாருங்கள். கட்டில் அளவுக்குப் பழைய பேப்பரை விரித்துச் சுற்றி நடந்து பாருங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். கீழ்த்தளத்தில் அவருக்கு ஒரு படுக்கையறை, பக்கத்திலேயே 90 செ.மீ. கதவு வைத்த குளியலறை இருக்கிறதா என்று அவரே சொல்லட்டும். டால் ஊற்றும் நாளில் சொந்தக்காரர் எல்லாரும் வந்து நிற்பார்கள், சமையல் நடக்கும், யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் அதற்கு முந்தின நாளே, கம்பி கட்டி முடித்ததும், ஒவ்வொரு தூணையும் உத்தரத்தையும் அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். அஸ்திவாரம் போட்ட அன்று எடுத்த படங்களையும் இன்ஜினியரின் வரைபடத்தையும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பூட்டி வையுங்கள். மேலே கட்ட வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.