லேபைத் திட்டுவதற்கு முன்

செங்கோட்டையில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்குக் கேரளத்துக் கசவுச் சேலை ஒரு சோதனை. 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் என்பதால், கேரள எல்லையிலுள்ள புளியரைக்கு அந்தப்புறம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இங்கே இன்றும் சாதாரணம். ஒரே ஆல்பத்தில் ஒரு வீட்டாரின் அரக்குப் பட்டும் இன்னொரு வீட்டாரின் கசவும் அருகருகே வந்து நிற்கும். கசவின் நிறம் வெள்ளை அல்ல, வெளுக்காத பருத்தியின் பாலாடை நிறம். அதில் சற்று நீலம் ஏறினால் சலவை வேட்டியாகிவிடும். சற்று மஞ்சள் ஏறினால் பழந்துணியாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் புனலூரில் எடுத்த ஒரு கல்யாணத்தில் எனக்கு இரண்டாவது கதி நேர்ந்தது. முதல் பக்கத்தைப் புரட்டியதுமே மாப்பிள்ளையின் அத்தை, "என்ன தம்பி, பொண்ணு சேலைய மஞ்சத்தண்ணில முக்கின மாதிரி இருக்கே" என்றார். போதாக்குறைக்குப் படங்கள் இருண்டும் இருந்தன. உடனே ஆல்பம் அச்சடித்த லேபுக்குப் போன் செய்து சண்டை போட்டேன். நான் அனுப்பிய கோப்பைத் தங்கள் திரையில் திறந்தாலும் அது மஞ்சளாகவும் இருட்டாகவும்தான் தெரிகிறது என்று அவர்கள் நிதானமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி.

ஒரு நண்பரிடம் திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டரை இரவல் வாங்கி என் மானிட்டரின் மேல் வைத்தபோதுதான் கதை புரிந்தது. படத்திருத்தத்துக்கு வெள்ளை 6500 கெல்வினை ஒட்டியும் (இந்த எண் கூடினால் வெள்ளையில் நீலம் ஏறும்), வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள்ளும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2 ஆகவும் இருப்பது வழக்கம். என் திரையோ 7500 கெல்வினுக்கு அருகில் நீலம் பாய்ந்தும், 280 கேண்டெலாவில் கண்கூசவும் எரிந்துகொண்டிருந்தது. நீலத் திரையில் கசவு நீலமாகத் தெரிய, நான் அதற்கு மஞ்சளைக் கூட்டியிருக்கிறேன். திரை பளீரென்று இருந்ததால் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறேன். லேப் நான் கேட்டதையே அச்சடித்துக் கொடுத்தது.

கண்ணை நம்பித்தான் இத்தனை வருடம் தொழில் செய்தோம் என்று சொல்லும் மூத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கண் எந்த விளக்குக்கும் பழகிக்கொள்ளும். குண்டு பல்பின் கீழும் டியூப்லைட்டின் கீழும் அதே தாளை வெள்ளை என்றே நமக்குச் சொல்லும். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நீலத் திரையும் வெள்ளைத் திரைதான். லட்சக்கணக்கில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் செலவழிக்கத் தயங்காத நாம், ஒரு நடுத்தர லென்ஸின் விலைகூட ஆகாத இந்தக் கருவிக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

கருவியைத் திரையில் தொங்கவிட்டால் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, மானிட்டரின் பொத்தான்களைக் கொண்டு வெளிச்சத்தையும் வெள்ளையையும் குறித்த இடத்துக்குக் கொண்டுவருவது. இரண்டாவது, மென்பொருள் காட்டும் நிறக் கட்டங்களை அளந்து, இந்தத் திரை எந்த நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பில் எழுதிவைப்பது. ஃபோட்டோஷாப் போன்றவை அந்தப் புரொஃபைலைப் படித்துத் திருத்திக் காட்டும். எல்லா மென்பொருளும் அப்படிப் படிப்பதில்லை. ஒரே படம் இரண்டு ஜன்னல்களில் இரண்டு விதமாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். அளக்கும் மென்பொருளுக்காகப் பணம் செலவழிக்கவும் வேண்டியதில்லை. டிஸ்பிளேகேல் இலவசமாகவே கிடைக்கிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மலிவான லேப்டாப் திரையால் அரக்குப் பட்டின் ஆழ்ந்த சிவப்பைக் காட்டவே முடியாதென்றால், எந்தக் கருவியும் அதைக் காட்டவைக்காது. அறையும் முக்கியம்: என் கடைச் சுவர் கிளிப்பச்சையில் இருந்த காலத்தில் அந்தப் பச்சை திரையிலும் விழுந்தது. சாரல் காலத்தில் மலைப்பக்கத்து ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் மணிக்கொரு நிறமாக மாறுவதால் இப்போது திரைச்சீலை போட்டு, சுவரையும் சாம்பல் நிறமாக்கிவிட்டேன். பார்க்க அழகாக இல்லை என்பது வீட்டாரின் கருத்து.

வாடிக்கையாளர் எப்படியும் போனில்தானே பார்க்கப் போகிறார் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். போன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் விலகும். 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவில் படம் சரியாக நின்றால்தான் அந்த விலகல்கள் சிறிதாக இருக்கும். பெரும்பாலான லேப்கள் கேட்பதும் அதே எஸ்ஆர்ஜிபி கோப்பைத்தான்.

கருவி இல்லாதவர்கள் மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்துகொண்டு, பக்கத்தில் விளக்கின் கீழ் வைத்த வெள்ளைத் தாளின் அளவுக்குத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாலே பாதி இருட்டுப் புகார்கள் நின்றுவிடும். ஆனால் ஒரே ஒரு பிரிண்டைப் பார்த்துத் திரையின் நிறத்தைத் திருகிவிடாதீர்கள். தாளும் ரசாயனமும் மாறினால் அந்தத் திருகலும் பொய்யாகிவிடும்.

இரவல் வாங்கி அலுத்துப் போய் நானே ஒரு கலரிமீட்டர் வாங்கிவிட்டேன். மாதம் ஒருமுறைதான் எனக்குத் தேவைப்படுகிறது. தென்காசி, ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்து நண்பர்கள் எடுத்துப் போகலாம். ஈரம் படாமல் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு திருப்பித் தாருங்கள். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பே மானிட்டரைப் போட்டுவிடுங்கள். சூடாகாத திரையை அளந்துவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.