அந்த அர்ஜென்டினா வீடியோ பற்றி

பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். விட மாட்டேன் என்கிறார்கள். உலகம் சுற்றி வீடியோ போடுகிற தமிழ்த் தம்பி ஒருவர், நான் குடியிருக்கிற புவெனஸ் அயர்ஸுக்கு வந்து, இங்கே சாப்பிட்ட மாட்டுக்கறியைத் திட்டி ஒரு வீடியோ போட்டிருக்கிறார். அதை இன்பாக்ஸில் அனுப்பி, "அண்ணே, உங்க ஊர் ஸ்டேக்கோட வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சு, பாத்தீங்களா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. பார்த்தேன். முழுசாகவே பார்த்தேன். சுட்டியை இங்கே போடப் போவதில்லை. அதற்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட எனக்கு மனமில்லை.

இந்த ஊர் ஃப்ளோரிடா தெருவில், வாசலில் ஆள் நின்று வா வா என்று கூப்பிடுகிற ஒரு கடையில், சாயங்காலம் ஆறரை மணிக்கு உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டவர், "அர்ஜென்டினா சாப்பாடு வெறும் பில்டப்பு" என்று ஒரு நாட்டுக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும். அந்தக் கடையைச் சொல்லட்டும். நாட்டைச் சொல்லக் கூடாது.

சென்னையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸை நடுராத்திரியில் ஒரு மோட்டலில் நிறுத்துவார்களே, அங்கே இறங்கி ஒரு வெளிநாட்டுக்காரர் ஆறிப்போன பரோட்டாவைத் தின்றுவிட்டு, "தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சமைக்கத் தெரியாது" என்று வீடியோ போட்டால் நாம் சும்மா இருப்போமா? அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருக்க மாட்டோமா?

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புவெனஸ் அயர்ஸில் ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான். நல்ல பரிஷாக்களில் எட்டு மணிக்கு முன்னால் போனால் அடுப்பே சரியாகப் பிடித்திருக்காது. பரிஷா என்றால் கம்பி வலைமேல் கறி சுடுகிற கடை. எழுத்தில் வேறு மாதிரி இருக்கும், இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆறரைக்கு முழுச் சாப்பாடு போடுகிற கடை, பெரும்பாலும் சுற்றுலா வருபவர்களை நம்பி நடக்கிற கடை. அவர்கள் மறுபடி வரமாட்டார்கள் என்று அந்தக் கடைக்குத் தெரியும். அப்புறம் எப்படி இருக்கும் அங்கே கறி?

அடுத்தது, அவர் கேட்டது லோமோ. அதையும் "பியென் கோசிதோ", அதாவது நன்றாக வேகவைத்து. மாட்டின் முதுகுக்கு உட்பக்கம் இருக்கிற, கொழுப்பே இல்லாத மெத்தென்ற பகுதி அது. அதை முழுக்க வேகவைத்தால் உலகத்தில் எந்த அடுப்பிலும் வறண்டுதான் போகும். "மென்னு மென்னு தாடை வலிக்குது" என்கிறார். வலிக்கத்தான் செய்யும்.

நன்றாக வெந்ததுதான் வேண்டும் என்பதில் ஒரு தப்பும் இல்லை. உள்ளே சிவப்பாக இருந்தால் நம்மில் பலருக்கு இறங்காது. இங்கேயும் நிறையப் பேர் அப்படித்தான். என் அலுவலகத்திலேயே ரத்தச் சிவப்பைக் கண்டால் தட்டைத் திருப்பி அனுப்புகிற அர்ஜென்டினாக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் லோமோ கேட்க மாட்டார்கள். வாசியோ கேட்பார்கள், வயிற்றுப் பக்கத்துக் கறி, மேலே கொழுப்புப் படலத்தோடு வரும். அல்லது தீரா தெ அசாதோ, விலா எலும்பைக் குறுக்கே அறுத்த நீளத் துண்டு. இரண்டும் மெல்லிய தணலில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் வறளாது, கொழுப்பு உருகிக் கறிக்குள்ளேயே இறங்கும். சிவப்பாகச் சாப்பிடுபவர்களுக்கு ஓஹோ தெ பிஃபே இருக்கிறது, பிஃபே தெ சோரிசோ இருக்கிறது, "ஹுகோசோ", அதாவது சாறு வடிகிற பதம், என்று சொன்னால் போதும். எனக்குப் பிடித்தது என்ட்ரான்யா. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய தசை, சட்டென்று வெந்துவிடும், அதற்கென்று ஒரு வாசம் உண்டு. இதையெல்லாம் கடைக்காரரிடம் கேட்டாலே சொல்வார். கேட்க வேண்டும்.

"ருசி ஆளுக்கு ஆள் வேறண்ணே, அவருக்குப் பிடிக்கல, விடுங்களேன்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சரி, பிடிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். "உப்பைத் தவிர ஒண்ணும் போடத் தெரியல இவனுங்களுக்கு" என்றாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உப்பு மட்டும் போடுவது தெரியாமல் செய்கிற காரியம் என்று யார் சொன்னது?

எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் செங்கல் அடுப்பு ஒன்று உண்டு. இந்த ஊரில் பல கட்டடங்களில் உண்டு. கீழ்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் மேலே ஏறிவிடுவார். ஒரு ஓரத்தில் விறகைத் தனியாக எரிப்பார். கறி அந்தத் தீயைப் பார்க்கவே பார்க்காது. தணல் விழ விழ, சின்ன மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கம்பிக்கு அடியில் பரப்புவார். உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே நீட்டிச் சூடு பார்ப்பார். எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி விலாவை வைத்தால், அதைத் திருப்ப வெகுநேரம் ஆகும். நடுவில் போய் நாம் கிளறினால் கையைத் தட்டிவிடுவார். கல் உப்பு மட்டும்தான். சிமிச்சுரி என்கிற பூண்டு, மூலிகை, வினிகர்ச் சட்னியைக் கூடச் சோரிசோ, அதாவது சுட்ட சாசேஜ், வைத்த ரொட்டிக்குத்தான் போடுவார், கறிக்கு அவர் போட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றரை, இரண்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டே வெட்டிக் கொடுப்பார். முதல் துண்டு வந்ததும் மேசையிலிருந்து யாராவது "அசாதோருக்கு ஒரு கைதட்டல்" என்பார்கள், அசாதோர் என்றால் கறி சுடுகிறவர், எல்லோரும் கைதட்டுவார்கள். இந்த நாட்டில் அது வழக்கம். இவ்வளவு பொறுமைக்குப் பிறகு மசாலா எதற்கு? அந்தக் கறிக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

முதல் தடவை சின்சுலீன் வைத்தபோது கொஞ்சம் தயங்கினார். சிறுகுடல், மொறுமொறுவென்று சுட்டு எலுமிச்சை பிழிந்து தருவார்கள். நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்திருக்கிறார். நாகர்கோவிலில் குடல் தின்று வளர்ந்தவன் நான். தட்டைக் காலி செய்ததைப் பார்த்து அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்தேன். தேங்காய்க் கொத்துப் போட்டு, மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்து அரைத்து, அம்மா வைக்கிற பீஃப் வறுவல். கூடவே மரச்சீனிக் கிழங்கு. அது இங்கே மாந்தியோகா என்ற பெயரில் வடகிழக்கு மாகாணங்களிலிருந்து வருகிறது. பெரியவருக்கு வியர்த்துக் கொட்டியது, கண்ணில் தண்ணீர். சோடாவைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார், இன்னொரு கரண்டி கேட்டார். கறியின் ருசியே தெரியாமல் மசாலாவைக் கொட்டியிருக்கிறாயே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் கறியை நடத்துகிற விதத்துக்கு அவர் சொன்னால் அதில் நியாயம்கூட இருந்திருக்கும். அடுத்தவர் சமையலை அடுத்தவர் சமையலாகப் பார்க்கிற பெருந்தன்மை ஒரு பஸ் டிரைவருக்கு இருந்தது. உலகம் சுற்றுகிறேன் என்று சொல்கிறவருக்கு ஏன் இல்லாமல் போனது?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "புல் மட்டும் மேய்ந்த மாடு, அதான் ருசி" என்று இன்னும் பழைய கதையைச் சொல்கிறார்களே, அது இன்றைக்கும் உண்மையா என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. பாம்பாஸ் சமவெளியில் மேய்ச்சல் நிலத்தைச் சோயா நிறையத் தின்றுவிட்டது. இன்று சந்தைக்கு வருகிற மாடுகளில் பெரும் பகுதி கடைசி சில மாதங்களைத் தொழுவத்தில் தானியம் தின்றே கழிக்கிறது. ஏற்றுமதிக் கொள்கையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது, 2006இல் ஒரு தடை, 2021இல் ஒரு தடை. மக்களும் முன்போலச் சாப்பிடுவதில்லை. 1950களில் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு நூறு கிலோவை நெருங்கியது, 2024இல் ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. விலை ஒரு பெரிய காரணம். டாலரோடு வந்தவர்களுக்கு 2022, 2023இல் எல்லாம் கொள்ளை மலிவாக இருந்தது, இப்போது அப்படியில்லை. இதெல்லாம் உண்மை. அந்த வீடியோவில் இதில் ஒன்றாவது வந்ததா? இதைச் சொல்லி விமர்சித்திருந்தால் நானே பகிர்ந்திருப்பேன்.

மாட்டுக்கறி தின்பதே தப்பு என்று வந்தவர்களுக்குப் பதில் கிடையாது. என் வீட்டில் என்ன வேகிறது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது.

சைவக்காரர்கள் என்ன செய்வது என்று ஒரு தங்கை நல்ல மனதோடு கேட்டிருந்தார். ப்ரோவோலேத்தா கேளுங்கள்மா, தடிமனான சீஸ் வில்லையை அதே தணலில் சுட்டு, மேலே ஒரிகானோவும் மிளகாய்த் தூளும் தூவித் தருவார்கள். கொரியென்தெஸ் அவென்யூவில் 1932 முதல் நடக்கிற குவெரின் பீட்சாக் கடையில் வெங்காயமும் சீஸும் வழிகிற ஃபுகாசேத்தா கிடைக்கும், நின்றபடியே சாப்பிடலாம். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் இந்த ஊருக்குக் கொடுத்தது கொஞ்சமில்லை. தினசரிச் சாப்பாட்டில் மிலானேசா (ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த கறித் துண்டு), பாஸ்தா, பீட்சா என்று சுற்றிச் சுற்றி வரும், காரமும் குறைவு, அது எனக்கும் சலிப்புத்தான். ஆனால் வடக்கே சால்தா பக்கம் போனால் கறியோடு உருளைக்கிழங்கும் வைத்து மடித்த குட்டி எம்பனாதா, தேசிய நாளான மே 25 அன்று வீட்டுக்கு வீடு கொதிக்கிற லோக்ரோ என்கிற சோளமும் கறியும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, சோளத்தை அரைத்து அதன் மட்டையிலேயே கட்டி வேகவைக்கிற உமிதா. தெற்கே பத்தகோனியாவில் முழு ஆட்டுக்குட்டியைச் சிலுவைக் கம்பியில் கட்டி நெருப்பைச் சுற்றி நிறுத்தியிருப்பார்கள். ஒரு தெருவில் ஒரு தட்டைச் சாப்பிட்டவர் இது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் "பில்டப்பு" என்றார்.

"அப்ப எங்கதான் போகணும்?" என்று திட்டித் தீர்த்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரின் பலேர்மோ பகுதியில் டான் ஹூலியோ என்கிற பரிஷா பெயர் பெற்றது, தகுதியோடு பெற்றது. நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் வழிகாட்டி 2023இல் முதல் முறை அர்ஜென்டினாவுக்கு வந்தபோதே ஒரு நட்சத்திரம் வாங்கியது. முன்பதிவு இல்லாமல் போனால் தெருவில் நிற்க வேண்டும், நிற்பவர்களுக்கு ஒயின் ஊற்றிக் கொடுப்பார்கள். சான் டெல்மோவில் லா பிரிகாதாவில் கறியைக் கரண்டியால் வெட்டிக் காட்டுவார்கள். இரண்டுக்கும் காசு நிறைய ஆகும். எனக்குப் பிடித்தவை வீஷா கிரெஸ்போ, போயேதோ, மத்தாதேரோஸ் பக்கத்துச் சாதாரணக் கடைகள். வாசலில் யாரும் கூப்பிட மாட்டார்கள். மெனுவில் படம் இருக்காது. அடுப்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கும். ஞாயிறு மதியம் பாட்டி, பேரன், கைக்குழந்தை என்று குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு கடையைக் கண்டால் யோசிக்காமல் நுழையுங்கள்.

இப்போது வீடியோவில் வருகிற வெயிட்டர் பெரியவர் விஷயம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், சாப்பாட்டைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். வீடியோவில் ஒன்பதாவது நிமிடம். தட்டை எடுக்க வருகிற வெயிட்டருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் கோட்டு, கறுப்பு டை. இந்த ஊரில் வெயிட்டர் வேலை வாழ்நாள் வேலை, அதைக் கௌரவமாகச் செய்கிறவர்கள். அவர் பக்கத்தில் நிற்க, கேமராவைப் பார்த்துத் தமிழில், "இந்தக் கெழவனையே சுட்டுக் குடுத்துட்டானுங்க போல" என்று வீடியோ போட்டவர் சொல்ல, கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவருக்குப் புரியவில்லை. தன்னையும் சேர்த்துக்கொண்டு ஏதோ சந்தோஷமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரிக்கிறார், கேமராவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்.

இதைப் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள். வெளிநாட்டில் நம் உடம்பில் மசாலா வாசம் வருகிறது என்று எவனாவது மூக்கைப் பிடித்தால் பக்கம் பக்கமாக எழுதுகிற அதே நம் ஆட்கள். புரியாத மொழியில் ஒருவரை அவர் முகத்துக்கு நேரேயே கேலி செய்வது நகைச்சுவையா?

"ஜோக்குக்கு இவ்வளவு டென்ஷனா, நீங்க அர்ஜென்டினாக்காரனாவே மாறிட்டீங்கண்ணே" என்பவர்களுக்கு: நான் மாறவில்லை. பெரியவர்களை அவன் இவன் என்று பேசாதே என்று என் அம்மா நாகர்கோவிலில் வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்.

வருகிறவர்கள் தாராளமாகச் செய்தி அனுப்புங்கள், நேரம் இருந்தால் நானே கூட்டிப் போகிறேன். வீடியோ போட்ட அந்தத் தம்பி மறுபடி வந்தாலும் கூட்டிப் போவேன், என் செலவில். ஆனால் முதலில் அந்த ஒன்பதாவது நிமிடத்தை வெட்டி எடுக்கட்டும். பிறகு அந்தக் கடைக்கு என்னோடு வந்து, அந்தப் பெரியவரிடம் தான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும். ஸ்பானிஷில் நான் சொல்லிக் கொடுக்கிறேன்.