நர்ஸம்மாவை எழுப்பி நிறுத்தும் முன் கணக்கைப் பாருங்கள்

போன வாரம் சுகாதாரத் துறை ஆய்வுக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். எந்த மாவட்டம், எந்த வட்டாரம் என்று எழுதப் போவதில்லை. திரையில் ஊர் வாரியாகத் தடுப்பூசிக் கணக்கைக் காட்டும் டாஷ்போர்டு ஓடுகிறது, ஒரு துணை சுகாதார நிலையம் மட்டும் சிவப்பு. அங்கே வேலை பார்க்கும் நர்ஸம்மாவை (கிராம சுகாதாரச் செவிலியர்) எழுப்பி, அவருடைய தடுப்பூசி சதவீதத்தை அவர் வாயாலேயே வாசிக்க வைத்தார்கள். "எல்லையோரம் சார், பிள்ளைங்க அந்தப் பக்கம்..." என்று தொடங்கியவரை முடிக்க விடவில்லை. மறுநாள் மெமோ.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சதவீதம் குறைந்தால் முதலில் பகுதி எண்ணை, அதாவது வகுக்கும் எண்ணைப் பாருங்கள். எத்தனைக்கு எத்தனை, அந்த "எத்தனைக்கு" எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆளை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர் என்பது விதி. பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 70 குழந்தை, மாதத்துக்கு ஆறு. இந்த ஆறுதான் பகுதி எண். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் சிவப்பு என்று வரம்பு வைத்திருந்தால், ஐந்து பிள்ளைக்கு ஊசி போட்டபோது 83, பச்சை. நாலு பிள்ளைக்குப் போட்டபோது 67, சிவப்பு. ஒரே ஒரு பிள்ளைதான் வித்தியாசம். அந்த ஒரு பிள்ளை அந்த மாதம் பாட்டி வீட்டில் இருந்தால் நர்ஸம்மா வேலை செய்யாதவர் ஆகிவிடுகிறார். இவ்வளவு சின்ன எண்ணுக்கு மாதச் சதவீதம் போடுவதே தவறு. பன்னிரண்டு மாதத்தைக் கூட்டிப் போடுங்கள், அல்லது சதவீதத்தை விட்டுவிட்டு "ஆறில் நாலு" என்று எழுதி, விடுபட்ட இரண்டு பேரின் பெயரைக் கீழே காட்டுங்கள்.

அந்த 5,000-மே 2011 கணக்கெடுப்பிலிருந்து இழுத்து நீட்டிய எண். ஊரில் பாதி இளவட்டம் வேலைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடிபோய்விட்டது. பகுதி எண் அப்படியே நிற்கிறது.

இனி எல்லை விஷயம். 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் போனது. சம்பந்தம் பேசுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துப் பேசுவதில்லை. பள்ளிப்பட்டில் பெண் எடுத்து நகரியில் கொடுப்பார்கள். புத்தூர்ப் பெண் திருத்தணிக்கு மருமகளாக வருவாள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் போனாலும் இதே கதைதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள்.

இதைத் தடுப்பூசி அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., சொட்டு மருந்து, ஹெபடைட்டிஸ் பி. பிறகு 6, 10, 14 வாரத்தில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி. 14 வாரம் என்றால் மூன்று மாதத்துக்கு மேல். ஆக முதல் நான்கு வருகையில் மூன்றாவது, ஐந்தாம் மாதம் திரும்பினால் நான்குமே, தாய்வீட்டு ஊரிலேயே முடிந்துவிடும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசிதான் புகுந்த வீட்டு ஊரில். பதிவு மட்டும் முதலில் எங்கே போட்டார்களோ அங்கே. கர்ப்பம் உறுதியானதும் புகுந்த ஊர் நர்ஸம்மா பதிவு செய்து 12 இலக்க எண் வாங்கித் தருகிறார், டியூ லிஸ்ட்டில் (யாருக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்) பெயர் ஏறுகிறது. பிள்ளைக்கு ஊசி விழுவது பக்கத்து மாநிலத்தில். அந்த மாநிலத்துப் பதிவேடு இந்த டாஷ்போர்டுக்கு வராது.

இதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பென்டா மூன்றாம் தவணை எண்ணிக்கையையும் ஒன்பதாம் மாத எம்.ஆர். எண்ணிக்கையையும் வருடக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகளே இரண்டையும் போட்டிருந்தால் எம்.ஆர். கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், நடுவில் சிலர் விட்டுப்போவார்கள். எம்.ஆர். அதிகமாகவும் பென்டா குறைவாகவும் இருந்தால் பிள்ளைகள் வெளியூரில் வளர்ந்து வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அலட்சியம் இருந்தால் இரண்டும் சேர்ந்து விழும். அந்த நர்ஸம்மாவின் சிவப்புக் கட்டத்துக்கு இரண்டு கட்டம் தள்ளி எம்.ஆர். பச்சையாகத்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே கண்ணை ஓட்டவில்லை. எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

"இப்படி ஆளாளுக்கு ஒரு சாக்கு சொன்னால் நிர்வாகம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். சாக்கா உண்மையா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. விடுபட்ட பிள்ளைகளை எத்தனையாவது பிரசவம் என்று பிரியுங்கள். விடுபட்டது பெரும்பாலும் தலைப்பிள்ளைகள் என்றால் அது தாய்வீடு. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளும் அதே அளவில் விடுபட்டிருந்தால் நிஜமாகவே பிரச்சினை, அப்போது மெமோ கொடுங்கள், நானே ஒத்துக்கொள்கிறேன். பிறப்பு வரிசை என்ற கட்டம் பதிவிலேயே இருக்கிறது. நர்ஸம்மா இரவு உட்கார்ந்து நிரப்பிய கட்டம் அது. அவர் நிரப்பியதை ஒரு தடவையாவது படித்துவிட்டு அவரைத் திட்டியிருக்கலாம்.

"அப்போ டாஷ்போர்டே வேண்டாம் என்கிறாயா?" இல்லை. டாஷ்போர்டு வந்ததால்தான் எந்த ஊரில் சிக்கல் என்று ஒரே நாளில் தெரிகிறது. முன்பு பதிவேடு வட்டாரத்துக்குப் போய், அங்கே கூட்டி மாவட்டத்துக்குப் போய், எல்லாம் சராசரியில் கரைந்துவிடும். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

"இப்போதுதான் நாடு முழுவதற்கும் பொதுவான தடுப்பூசிப் பதிவுத் தளம் யூ-வின் வந்துவிட்டதே, எந்த மாநிலத்தில் போட்டாலும் ஏறுமே" என்பதும் சரிதான். ஊசி ஏறும். அதை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? ஊசி போட்ட ஊரிலா, அம்மாவின் முகவரி இருக்கும் ஊரிலா? இந்த விதியை டாஷ்போர்டு செய்தவர்கள் எழுதித் திரையிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் தாய்வீட்டு ஊரில் 120 சதவீதமும் புகுந்த ஊரில் 70 சதவீதமும் வந்துகொண்டே இருக்கும். 120 வந்த ஊருக்குக் கைதட்டல், 70 வந்த ஊருக்கு மெமோ. நூறைத் தாண்டினாலே பகுதி எண் தவறு என்று யாருக்கும் தோன்றாதா?

எல்லையோரத்தில் பெயர் பொருத்துவதும் ஒரு பாடு. இங்கே அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல். ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். ஒரே லட்சுமி இரண்டு பதிவில் இரண்டு ஆளாக நிற்பாள். கைபேசி எண்ணை வைத்துப் பொருத்தலாம் என்றால் இங்கே கணவர் எண், அங்கே அப்பா எண். பிரசவ தேதியையும் பிறந்த எடையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். இது போதாதென்று 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது, 2022 ஏப்ரலில் ஆந்திரம் 13 மாவட்டத்தை 26 ஆக்கியது. பழைய சித்தூரும் துண்டானது. பழைய மாவட்ட எண்ணையும் புதிய மாவட்ட எண்ணையும் ஒரே கோட்டில் போட்டால் வரைபடம் பள்ளத்தில் விழும். திருப்பத்தூர் என்று தட்டினால் வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரா, சிவகங்கைத் திருப்பத்தூரா? பெயரை நம்பாமல் உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணை வைத்து இணைக்க வேண்டும். இதெல்லாம் திரைக்குப் பின்னால் இருப்பவர்களின் வேலை. இதைச் செய்யாதவர்களுக்கு இதுவரை ஒரு மெமோவும் போனதாகத் தெரியவில்லை.

கூட்டத்தில் இப்படி அவமானப்படுத்தினால் அடுத்த மாதம் என்ன ஆகும்? சிவப்பு பச்சையாகும். தாய்வீட்டுக்குப் போன் போட்டு "ஊசி போட்டாச்சாம்மா?" என்று கேட்டு, அவள் சொன்ன தேதியை உள்ளூரில் போட்டதாக ஏற்றிவிடுவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஊசி போடும் நாளான ஏதோ ஒரு புதன்கிழமையைத் தேதியாகப் போடுவார்கள். மாதக் கடைசி மூன்று நாளில் பதிவுகள் குவிந்தால், அத்தனை பிள்ளைக்கும் ஒரே தேதி வந்தால், சொல்லிவைத்தாற்போல் நூறு வந்தால், சந்தேகப்படுங்கள். மருந்து இருப்போடு ஒத்துப் பாருங்கள். பென்டா குப்பியைத் திறந்தபின் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் கழிவு குறைவு, போட்ட ஊசியும் செலவான மருந்தும் ஓரளவு ஒத்துவர வேண்டும். எம்.ஆர். கரைத்தால் 4 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்ட வேண்டும், அங்கே செலவு கூடத்தான் இருக்கும். ஊசி எண்ணிக்கையை விட மருந்துச் செலவு குறைந்தால் பதிவு பொய். அந்தப் பொய்யை நம்பி அடுத்த வருடம் மருந்து ஒதுக்குவார்கள். நிஜமாகவே ஊசி போடாத பிள்ளை அந்தப் பச்சைக்குள் மறைந்துபோகும். தட்டம்மை வரும்போதுதான் தெரியும்.

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னபோது மேடையில் மாலை போட்டுக்கொண்டோமே, அந்த எண் எப்படி வந்தது? டியூ லிஸ்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்த இந்தப் பெண்களால் வந்தது. அவர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்க வைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வலிக்கிறது, அவ்வளவுதான்.

எல்லையோர நர்ஸம்மாக்கள் அந்தப் பக்கத்து ஏ.என்.எம்.களிடம் (அங்கே நர்ஸம்மாவுக்கு அந்தப் பெயர்) போனில் கேட்டுத்தான் பாதிப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள், சொந்த ரீசார்ஜில். அதை அலுவலகக் காரியமாக்குங்கள். மாதம் ஒரு தடவை, எல்லையை ஒட்டிய இரண்டு வட்டாரமும் பட்டியல் மாற்றிக்கொள்ளட்டும். அம்மா பெயர், பதிவு எண், பிரசவ தேதி, பிறந்த எடை, போட்ட ஊசியும் தேதியும், புகுந்த ஊர். இவ்வளவு போதும். பெயர் இருப்பதால் வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இரு வட்டார மருத்துவ அலுவலர்களின் அலுவலக மின்னஞ்சலில் மட்டும் போகட்டும். டாஷ்போர்டில் சிவப்புக்குப் பக்கத்தில் "வெளி மாநிலத்தில் போடப்பட்டது, சரிபார்த்தது" என்று ஒரு கட்டத்தைத் திறந்து, அதை நிரப்பும் உரிமையை நர்ஸம்மாவிடம் கொடுங்கள். அந்தக் கட்டம் வரும்வரை எல்லையோரத் துணை நிலையங்களின் மாதச் சதவீதத்தைக் கூட்டத்தில் திரையில் போடாதீர்கள்.