ரீட்டி மிராபிலி நரம்பு இல்லை, வலை

ரீட்டி மிராபிலி என்றால் ‘அதிசய நரம்பு’, அது மனித மூளையின் அடியில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. லத்தீனில் ரீட்டி என்றால் வலை, மிராபிலி என்றால் வியக்கத்தக்கது. ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கலை’ என்று ரத்தக்குழாயைச் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தில் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன். இது ரத்தக்குழாய்கள் பின்னிய வலை.

அப்புறம் அந்த மூளைக் கதை. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் ஆடு மாடுகளை அறுத்து மூளையடியில் கண்ட இந்த வலையை மனிதருக்கும் பொருத்திவிட்டார், 1521இல் இத்தாலிய உடற்கூறியலாளர் பெரெங்காரியோ டா கார்பி மனித உடல்களில் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினார், 1543இல் இன்னொரு உடற்கூறியலாளர் வெசாலியஸும் மறுத்தார். ஆட்டுக்கு நிஜமாகவே உண்டு: மூளைக்குப் போகும் சூடான ரத்தத்தை, மூக்குப் பக்கமிருந்து வரும் குளிர்ந்த சிரை ரத்தம் அங்கே ஆற்றுகிறது.

காசிமேட்டில் சூரை மீனை நறுக்கும்போது நின்று பாருங்கள், கருஞ்சிவப்பாக ஒரு தசைப்பட்டை தெரியும். அந்தத் தசையின் சூடு வெளியே போகாமல் காப்பதும் இப்படி ஒரு வலைதான்.

அதற்காக மனிதருக்கு எங்கேயுமே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸில் நுண்தமனி (மிக மெல்லிய தமனி) ஒன்று வலையாகப் பிரிந்து மறுபடி நுண்தமனியாகவே சேர்கிறது, அதுவும் இந்த வகைதான்.