ஆக்லெட் 1790-இல் பிறந்ததல்ல

ஷூ கயிற்றின் நுனியில் உள்ள சிறு உறையான ‘ஆக்லெட்’டை 1790-இல் ஹார்வி கென்னடி என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. ஆங்கிலத்தில் இச்சொல் 15-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. பொருளும் அதே அளவு பழையது: 1545-இல் மூழ்கி, 1982-இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில், அதில் இருந்தவர்களின் உடைகளைக் கட்டிய நாடாக்களின் உலோக நுனிகள் கிடைத்துள்ளன. மெல்லிய தகட்டைக் குழலாகச் சுருட்டி, நாடாவின் முனையை அதற்குள் செருகி இறுக்கிவிடுவார்கள். நூல் பிரிந்தால் நாடா சிறு துளைக்குள் நுழையாது அல்லவா! அக்காலத்தில் ஆண்களின் காலுடையை மேலுடையோடு பிணைத்தவை இத்தகைய நாடாக்களே. பெயர் தெரியாத எத்தனையோ கைவினைஞர்களின் வேலையைத் தனியொருவர் பெயரில் எழுதிவைப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. பிளாஸ்டிக் உறை மட்டுமே 20-ஆம் நூற்றாண்டின் வரவு.