எதுவும் குடிக்காதவரின் ரத்தம்

சித்தப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஆரோக்கியக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் இரண்டு படம் அனுப்பினார். முதல் படத்தில் சிவப்பணுக்கள் காசை அடுக்கி வைத்தது போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டாவதில் தனித்தனியாக உருண்டையாக மிதக்கின்றன. கீழே குரல் பதிவு: "டேய், உன் லேப்ல இத்தனை வருஷம் எனக்கு ரத்தம் எடுத்தியே, இப்படி ஒருநாளாவது காட்டியிருக்கியா? அரை மணி நேரத்துல பச்சைப் பொடி என்ன பண்ணியிருக்கு பாரு!" அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நான்கு டப்பா வாங்கிவிட்டார், சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மாத்திரை என்ற சொல் வராமல் இருந்திருந்தால் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்கள் பொய் இல்லை. அங்கே திரையில் காட்டியது அவருடைய ரத்தம்தான். காசு அடுக்கு மாதிரித் தெரிவதற்கு ரூலோ என்று பெயர், லேபில் வேலை பார்க்கிற எல்லோரும் தினமும் பார்ப்பது. ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்கள்தான் சிவப்பணுக்களை இப்படி ஒட்ட வைக்கின்றன. காய்ச்சல், தொற்று, கர்ப்பம் என்று அந்தப் புரதங்கள் கூடும்போது அடுக்கும் கூடும், சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்று நாம் பார்க்கிற ஈ.எஸ்.ஆர் டெஸ்ட்டே இதை வைத்துத்தான். ஆனால் நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தையும் ஸ்லைடில் ஒரு சொட்டு கொஞ்சம் தடிமனாக வைத்தால் அடுக்கு வரும். உடம்புக்குள் ரத்தம் ஓடுகிற வேகத்தில் அது பிரிந்துகொண்டே இருக்கும், கண்ணாடி மேல் ஓட்டம் ஏது? அதே ஸ்லைடை மெல்லிய ஓரத்துக்கு நகர்த்தினால் அணுக்கள் தனித்தனியாக நிற்கும். அதாவது 'குடிப்பதற்கு முன்', 'குடித்த பின்' இரண்டுமே ஒரே ஸ்லைடில் அரை அங்குலத் தூரத்தில் இருக்கின்றன.

இதைச் சித்தப்பாவிடம் வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரியும். "நீ படிச்சவன், அவங்களும் படிச்சவங்கதான்" என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

என்னிடம் ஒரு பழைய மாணவர் மைக்ராஸ்கோப் இருக்கிறது. வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சர் லென்ஸுக்குக் கீழே வட்டமாக வெட்டிய கறுப்பு அட்டையை வைத்தால் போதும், நடுவில் வருகிற வெளிச்சம் மறைந்து, கறுப்புப் பின்னணியில் அணுக்கள் நிலா மாதிரி மின்னும். மண்டபத்தில் பெரிய மெஷின் என்று காட்டிய டார்க்ஃபீல்டு இதுதான். (சும்மா சொல்லக்கூடாது, சிபிலிஸ் கிருமியை நேரில் பார்க்க டாக்டர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய நல்ல முறை அது.) விரலில் குத்தி ரத்தம் எடுக்க ஆளுக்கொரு புது ஊசி, குத்தியதும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குள். மண்டபத்தில் எப்படி என்று கேட்டேன், "பேனா மாதிரி ஒண்ணு வச்சிருந்தான், எல்லாருக்கும் அதேதான்" என்றார். உள்ளே ஊசியையாவது மாற்றினார்களா என்று அவருக்கு நினைவில்லை. ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூடத் தாங்கும். எனக்கு வந்த கோபத்துக்கு முக்கால் காரணம் இந்தப் பேனாதான்.

சரி, சோதனைக்கு வருவோம். சித்தப்பா பொடி கலக்கிக் குடித்தார், நான் வெறும் தண்ணீர் குடித்தேன், என் மனைவி எதுவுமே குடிக்கவில்லை. முன்னால் இரண்டு, அரை மணி நேரம் கழித்து இரண்டு என்று ஆளுக்கு நான்கு ஸ்லைடு. மனைவியே எல்லாவற்றிலும் எண் ஒட்டி, எது யாருடையது என்பதை நோட்டில் எழுதி மறைத்துவிட்டாள். பன்னிரண்டையும் நானும் சித்தப்பாவும் தனித்தனியாகப் பார்த்து 'முன்', 'பின்' என்று எழுத வேண்டும்.

சித்தப்பா ஐந்து சரியாகச் சொன்னார். இருபது வருட அனுபவசாலியான நான், ஏழு. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இந்த அளவுக்கு வந்திருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'பளிச்சென்று' பிரிந்திருந்த ஒரு ஸ்லைடைப் பார்த்ததும் "இது பொடி குடிச்சதுதான்" என்று எனக்குள்ளும் ஒரு குரல் சொன்னது. அது எதுவும் குடிக்காத என் மனைவியுடையது. நம்பாமல் உட்கார்ந்திருந்த எனக்கே இப்படி என்றால், காசு கட்டி நம்பிக்கையோடு திரையைப் பார்க்கிறவரை என்ன சொல்ல முடியும்?

இது வீட்டு விளையாட்டு, மூன்று பேர் சோதனை, பெரிதாக எதையும் நிரூபிக்காது. ஆனால் முறையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். குந்தர் எண்டர்லைன் என்ற ஜெர்மன் விலங்கியலாளரின் கொள்கையைப் பின்பற்றி, உயிருள்ள ரத்தத்தை டார்க்ஃபீல்டில் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கூட்டம் சொல்லிவந்தது. ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தில் 110 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். புற்றுநோய் பரவியிருப்பது உறுதியான 12 பேரில் இந்த முறை பிடித்தது 3 பேரை மட்டும்.

இன்னொரு வித்தையும் உண்டு, அதையும் சித்தப்பா பார்த்திருக்கிறார். ரத்தச் சொட்டின் மேலேயே பொடிக் கரைசலை விடுவது, உடனே அடுக்கு கலையும், கைதட்டல். நான் அதே மாதிரி ஒரு சொட்டில் வெறும் சலைன், அதாவது உப்பு நீர், விட்டுக் காட்டினேன், அதுவும் கலைந்தது. ரத்த வங்கியில் இது நிஜமாகவே ஒரு சோதனை: சலைன் விட்டுக் கலைந்தால் ரூலோ, கலையாவிட்டால் அணுக்கள் உண்மையிலேயே திரண்டிருக்கின்றன என்று அர்த்தம். குழாய்த் தண்ணீர் விட்டிருந்தால் அணுக்கள் ஊதி வெடித்திருக்கும். அது கிடக்கட்டும், வாய் வழியாகக் குடிக்கிற பொடி வயிற்றில் செரித்த பிறகுதானே ரத்தத்துக்கு வரும், பொடியாகவேவா வந்து மிதக்கும்?

ஓரமாகத் துள்ளிக்கொண்டிருந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, "இதைத்தான் கிருமின்னாங்க" என்றார். காலையில் தோசைக்கு எத்தனை கரண்டி எண்ணெய் என்று கேட்டேன். சாப்பிட்டபின் ரத்தத்தில் மிதக்கிற கொழுப்புத் துணுக்குகள் அப்படித்தான் மின்னும். அவை துள்ளுவது உயிர் இருப்பதால் அல்ல, 1827-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகள்களில் பார்த்த அதே நடுக்கம்தான், சுற்றியுள்ள திரவத்தின் மூலக்கூறுகள் இடிப்பதால் வருவது.

பொடியே விஷம் என்று நான் சொல்லவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சர்க்கரைக்கு அது கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் எச்.பி.ஏ.1.சி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும். ஒரு சொட்டை அரை மணி நேரத்தில் இரண்டு தடவை பார்ப்பதில் எதுவும் தெரியாது. அந்த மண்டபத்தில், எதுவும் குடிக்காத ஒரு ஆளின் ரத்தத்தையும் அரை மணி நேரம் கழித்துத் திரையில் போடுங்கள் என்று யாராவது எழுந்து கேட்டிருந்தால் கூட்டம் அதோடு முடிந்திருக்கும்.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. மாத்திரையை முழுசாகப் போடுவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, "மூணே முக்கால் டப்பா இருக்கேடா" என்றார். டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள் என்றேன். நேற்று சித்தி போன் செய்தார். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே தோசை மாவில் ஒரு ஸ்பூன் கலந்துவிட்டாராம், பச்சையாக வந்த தோசையைப் பேரன் தொடவே இல்லையாம்.